கடைசியா எப்போ குடிச்சீங்க? போதை மீட்பு ஆலோசகராகப் பயில்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு மறுவாழ்வு மையத்துக்குக் களப்பயிற்சிக்கு வருபவர்கள், சீனியர்கள் ஒரு காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் வருடாவருடம் விழுகிறார்கள். நேரத்துக்கு வருவது, குறுக்கே பேசாமல் கேட்பது போன்றவற்றை வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். அவை இங்கே வேண்டாம்.

அளவைக் கேட்கும் விதம்

“எவ்வளவு குடிப்பீங்க?” என்று கேட்டால் “லைட்டாதான் சார்” என்றுதான் பதில் வரும். பாட்டில் கணக்கில் கேளுங்கள். குவார்ட்டரா, கட்டிங்கா? தனியாகவா, பங்கு போட்டா? தீர்ந்த பிறகு மறுபடி கடைக்குப் போவதுண்டா?

180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவீதம் என்றால் 77 மி.லி. ஆல்கஹால். அதை ஆல்கஹாலின் அடர்த்தியான 0.79ஆல் பெருக்கினால் சுமார் 61 கிராம். குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று கணிக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ கேள்வித்தாளுக்கு 10 கிராம்தான் ஒரு டிரிங்க். ஆக, ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். “பீர் மட்டும்தான்” என்பவரின் 650 மி.லி. ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் நாலு டிரிங்க். இந்தக் கணக்கைப் போடாமல் குவார்ட்டரை ‘ஒன்று’ என்று எழுதினால் ஆடிட்டின் இரண்டாவது கேள்விக்கு (குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க்?) 0 மதிப்பெண் விழும். விழ வேண்டியது 2. மொத்தம் 40இல் 8 வந்தாலே கவனிக்க வேண்டிய கேள்வித்தாளில் இது சின்ன வித்தியாசமில்லை.

“இன்னைக்கே விட்டுடுங்க”

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சல் வருவதும் இதில்தான். தினமும் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர் முதல் சந்திப்பிலேயே கண்கலங்கி, “இனிமே தொட மாட்டேன்” என்கிறார். பயில வந்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. கைகுலுக்கி, “சூப்பர், அடுத்த வாரம் பார்ப்போம்” என்று அனுப்பிவிடுகிறார். கைகுலுக்கும்போதே அந்தக் கை நடுங்கியிருக்கும். அது பதற்றம் என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும்.

ஆல்கஹால் மூளைக்கு பிரேக் மாதிரி. வருடக்கணக்காக பிரேக்கை மிதித்தபடியே ஓடிப் பழகிய மூளை, ஈடுகட்ட ஆக்சிலேட்டரையும் அழுத்தி வைத்திருக்கும். பிரேக்கை மட்டும் திடீரென்று எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும். ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, குமட்டல். டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் பாதி சட்டையில் சிந்தும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு டெலிரியம் வரும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், நாள் கிழமை தெரியாது. கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

நம் ஊரில் இதற்கென்றே ஒரு சீசன் உண்டு. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக் குடியைச் சட்டென்று நிறுத்துபவர்கள், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துபவர்கள். மூன்றாம் நாள் ராத்திரி அவர் உளற ஆரம்பித்தால் வீட்டில் ‘சாமி குத்தம்’ என்பார்கள். நம்பிக்கையைக் கிண்டல் செய்ய வேண்டாம், விட வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. “மாலை போடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி டாக்டரைப் பார்த்துடலாம்ணே” என்று சொன்னால் போதும்.

முதல் சந்திப்பிலேயே ஐந்து கேள்விகள், குடும்பக்கதைக்கு முன்னால்: கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார்? தினமும் எவ்வளவு? காலையில் நடுக்கம் நிற்க ஊற்றிக்கொள்கிறாரா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா? தூக்க மாத்திரை பழக்கம் உண்டா? மூன்றாவதற்கோ நான்காவதற்கோ ஐந்தாவதற்கோ ‘ஆமாம்’ என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பது அவர் வேலை. அளவு சொல்வது நம் வேலை இல்லை.

தெருமுனை கிளினிக்கில் ‘தெம்புக்கு’ குளுக்கோஸ் பாட்டில் ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால், இவர் குடிநோயாளி, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாயிற்றா என்று கேட்கச் சொல்லி உறவினரை அனுப்புங்கள். தயமின் வறண்டுபோன உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம்.

இன்னொன்று. நடுக்கம் அடங்காதவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பெடுக்காதீர்கள். ஒன்றும் மண்டையில் நிற்காது. பத்து நிமிடம், தூக்கம் சாப்பாடு விசாரிப்பு, அவ்வளவே.

வலிப்பு வந்தவர் கையில் சாவி

வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 108.

“அவருக்குத் தெரியாம கலந்து குடுத்துடலாமா?”

மனைவியோ அம்மாவோ கேட்பார்கள். கேட்பவரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார்கள் பயில வந்தவர்கள். குடியை விட்டவர் மறுபடி தொடாமலிருக்கக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். மரணமும் நேரலாம். கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்க வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை வேலை செய்யலாம். அவருக்கே தெரிந்து, சம்மதித்து, எழுதிக் கொடுத்து எடுக்க வேண்டிய மருந்து. சாம்பாரில் கலக்கும் பொடி அல்ல. பெயரில்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம்.

“ஏன் குடிக்கிறீங்க?”

கேட்காதீர்கள். காரணம் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்ப ஆரம்பிப்பார். ‘குடிக்காத நாள் எப்படிப் போச்சு?’ என்று கேளுங்கள்.

நீங்களும் மீண்டவர் என்றால்

உங்கள் கதையை முதல் வாரத்தில் சொல்லாதீர்கள்.

பெயருக்கு முன்னால் போடும் பட்டம்

ஆறு மாத டிப்ளமோ முடித்தவர் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ அல்ல. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். ‘ஆலோசகர்’ என்றே போடுங்கள். கவுன்சிலர் என்றால் எந்த வார்டு என்று கேட்பார்கள், பரவாயில்லை.

வீட்டிலிருந்து வரும் போன்

“உங்ககிட்ட என்ன சொன்னார்?” என்று மைத்துனர் போன் செய்வார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே. பயில வந்தவர்கள் மாட்டுவது நேரடிக் கேள்வியில் அல்ல, “அந்தக் கடன் விஷயம் சொல்லிட்டாராமே” என்ற தூண்டிலில். “அப்படியெல்லாம் இல்லையே” என்று மறுத்தாலும் சொன்ன மாதிரிதான். “அவரையே கேளுங்கண்ணே. வேணும்னா புதன்கிழமை குடும்பக் கூட்டத்துக்கு வாங்க, அவரும் இருப்பார்.”