பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

விஜயதசமியன்று தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கும் வழக்கம் நெல்லைச் சீமையில் இன்றும் பல வீடுகளில் உண்டு. அது நல்ல வழக்கம்தான். ஆனால் வாசிப்பு அன்றைக்குத் தொடங்குவதில்லை. அதற்கு நெடுநாள் முன்பே, ஆச்சியின் மடியில் தாலாட்டும் கதையும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஏற்கெனவே காதுக்குப் பழகிய பேச்சை எழுத்தில் அடையாளம் காண்பதுதான் வாசிப்பு என்பதால், முதலில் காதையும் பிறகு சில எழுத்துகளையும் அந்த எழுத்துகளாலேயே அமைந்த சொற்களையும் பழக்க வேண்டும். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் பயிற்சி அதற்கப்புறம் வந்தால் போதும்.

கைக்குழந்தைக்கு எழுத்து அட்டைகளைக் காட்டிப் பழக்குவதில் பயன் இல்லை. ஒன்பது மாதக் குழந்தையைக்கூட வாசிக்க வைக்கலாம் என்று விளம்பரம் செய்து காணொலிகளை விற்றவர்கள்மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2012இல் பொய் விளம்பரக் குற்றம் சாட்டி நடவடிக்கை எடுத்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் திரைக்கு முன் உட்கார வைக்கவே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. இந்த வயதில் குழந்தைக்கு வேண்டியது உங்கள் குரல். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, அது கடித்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் விட்டுவிட்டு, படத்தைத் தொட்டுப் பெயர் சொல்லுங்கள். குழந்தை விரல் நீட்டும் படத்தைப் பற்றியே பேசுங்கள். பக்கத்தை முடித்தே தீர வேண்டும் என்பதில்லை.

இரண்டரை, மூன்று வயதில் பிள்ளை நன்றாகப் பேசத் தொடங்கியதும் ஒலி விளையாட்டுகளுக்கு வரலாம். ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள். தென்-கா-சி என்றால் மூன்று தட்டு, பா-ப-நா-சம் என்றால் நான்கு, தி-ரு-நெல்-வே-லி என்றால் ஐந்து. அல்-வா, சொ-தி என்று சாப்பாட்டுப் பெயர்களுக்கு வந்தால் பிள்ளைகள் நிறுத்தவே மாட்டார்கள். பிறகு, ‘பா’ என்று தொடங்கும் பெயர்கள் வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று தேட விடலாம்: பாய், பால், பானை, பாட்டில். ஒரு சொல்லுக்குள் துண்டுகள் இருக்கின்றன, அந்தத் துண்டுகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் முடியும் என்பது காதுக்குப் பிடிபட்ட பிள்ளைக்கு எழுத்து பெரும் பாரமாக இராது.

இதே காலத்தில் நாள்தோறும் ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுவது மிக முக்கியம். நம் வீடுகளில் பிள்ளை கேட்பது ‘ஆச்சி சொல்லுதாவ’, ‘தாத்தா வாராவ’ என்ற பேச்சு. புத்தகத்தில் அச்சாகியிருப்பதோ ‘பாட்டி சொல்கிறார்’, ‘தாத்தா வருகிறார்’. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளை முதலில் காதால் கடந்திருக்க வேண்டும். எழுத்தை அடையாளம் காண்பதும் கேட்டுப் பழகாத மொழியைப் புரிந்துகொள்வதும் ஒரே நேரத்தில் அதன் தலையில் விழுந்தால் திணறிவிடும். ஆகவே அச்சில் உள்ளபடி ஒரு வரியை வாசித்துவிட்டு, புரியாதது போலப் பிள்ளை பார்த்தால் வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்லிவிட்டு, மறுபடியும் அச்சு வரிக்கே திரும்புங்கள். நம் பக்கம் பழம் ‘பளம்’ ஆகிவிடுவது வழக்கம். வாசிக்கும்போது மட்டுமாவது நாவை மடித்து ழகரத்தைச் சரியாக ஒலியுங்கள்.

எழுத்துக்கு நான்கு வயதை ஒட்டி வரலாம். பிள்ளைக்கு ஆர்வம் இல்லாவிட்டால் இன்னும் சில மாதம் காத்திருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. க, கா, கி, கீ என்று ராகம் போட்டு முழு வரிசையையும் ஒப்பிக்கும் பிள்ளையிடம் ‘கீ’ என்ற எழுத்தைத் தனியே எழுதிக் காட்டினால், பல சமயம் ‘க’விலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் அதைக் கண்டுபிடிக்கும். அது பாட்டை மனப்பாடம் செய்திருக்கிறதே தவிர, எழுத்தை அறியவில்லை. இதைத் தவிர்க்க, சொல் உண்டாக்கக்கூடிய சில எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ப, ட, ம ஆகிய மூன்றும், அவற்றோடு ட், ம் ஆகிய இரண்டும் போதும். கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை வெட்டி, ஓர் அட்டைக்கு ஓர் எழுத்தாகப் பெரிதாக எழுதித் தரையில் வைத்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று அந்த வாரமே பிள்ளை சொற்களை வாசித்துவிடும். தானே ஒரு சொல்லை வாசித்துவிட்டோம் என்ற அந்தச் சந்தோஷம்தான் அடுத்த எழுத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும். அடுத்து க, ல, ல், ப் சேர்ந்தால் கல், பல், கடல், பகல், கப்பல். அதன்பின் ர, வ சேர்ந்தால் மரம், வரம், வடம். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடத்தைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு ‘வடம்’ என்ற சொல் வெறும் மூன்று அட்டையாக இராது.

மெய்யெழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. ‘ம்’ என்பதை ‘இம்’ என்று பெயர் சொல்லிப் பழகிய பிள்ளை, ‘ப, ட, இம்’ என்று மூன்றாகச் சொல்லிவிட்டு அது என்ன சொல் என்று தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு ஒலியை மட்டும் காட்டுங்கள்: உதட்டை மூடி ‘ம்ம்’ என்று முனகினால் போதும். ‘ட்’, ‘ப்’ போன்றவற்றைத் தனியே ஒலிக்க முடியாது என்பதால் முன்னெழுத்தோடு சேர்த்து ‘பட்’, ‘கப்’ என்றே பழக்கிவிட்டு, பிறகு பட்-டம், கப்-பல் என்று கூட்டுங்கள்.

தமிழில் ஒரே ‘க’ கல்லில் ஒரு விதமாகவும், பகலில் ஒரு விதமாகவும், தங்கத்தில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லி விளக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு அந்தச் சொல் காதால் தெரிந்திருந்தால், முதலில் கரடுமுரடாக வாசித்தாலும் அடுத்த நொடியே தானாகத் திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லாக இருந்தால் திருத்திக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லை. பேச்சும் கதையும் முதலில் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

குறியீடுகளில் காலை (ா) முதலில் கொடுங்கள். பால், கால், காகம், பாடம், மாடம் என்று சொற்கள் குவியும். பிறகு குறி மேலே வளையும் கி, கீ வரிசை. உகர வரிசையில் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. கு, டு, மு, ரு ஒரு விதம். சு, பு, வு இன்னொரு விதம். து, நு, லு, று மற்றொரு விதம். ஆகவே இனம் இனமாகப் பிரித்து, மாடு, காடு, வீடு, பாம்பு, காது எனப் புழக்கத்தில் உள்ள சொற்களிலேயே காட்டுங்கள். கெ, கே, கொ, கோ ஆகியவற்றில் குறி முன்னே நின்றாலும் ஒலி பின்னே வருவதால் அவற்றைக் கடைசிக்குத் தள்ளுவது நல்லது. ல-ள-ழ, ந-ன-ண, ர-ற ஆகியவற்றை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பிக்காதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே அதன் ஜோடியைக் கொண்டுவாருங்கள்.

பிள்ளை வரி வரியாக வாசிக்கத் தொடங்கும்போது, பிழைகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருத்தக் கூடாது. ‘பாட்டி’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் ‘ஆச்சி’ என்று வாசித்தால், அது படத்தைப் பார்த்துச் சொல்கிறது, எழுத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். பேசாமல் விரலை ‘பா’வின்கீழ் வைத்துக் காத்திருங்கள். ஆனால் ‘சொல்கிறார்’ என்பதைச் ‘சொல்லுதாவ’ என்று வாசித்தால், பிள்ளை எழுத்தை வாசித்து, பொருளையும் புரிந்துகொண்டு, தன் வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டது. இதற்குக் கோபப்படுவது பெரிய அநியாயம். “ஆமாம், அதேதான், புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்ப்போமா?” என்று சொல்லி ஒருமுறை நீங்கள் வாசித்துக் காட்டினால் போதும்.

தாத்தாவோ ஆச்சியோ எழுதிக் காட்டும்போது லை, னை, றா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் வந்துவிடலாம். இன்றைய வடிவம் 1978இல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்தால் வந்தது. தொடக்கத்தில் பிள்ளைக்குப் புதிய வடிவம் மட்டும் போதும். எழுதுவதற்கும் அவசரம் வேண்டாம். மணலில் விரலாலும், பிறகு சிலேட்டில் பெரிதாகவும் எழுதட்டும். கோடு போட்ட நோட்டு பின்னால் வரலாம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து படித்தால் போதும். மீதியை ஊரே கற்பிக்கும். பேருந்தின் நெற்றியில் ‘பாபநாசம்’, தெருமுனையில் ‘கீழரதவீதி’, கடைப் பலகையில் ‘பால்’ என்று தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். கதைப் புத்தகங்களுக்குப் பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட மைய நூலகம் அல்லது உங்கள் ஊர்க் கிளை நூலகம் இருக்கிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றை அச்சிட்டுக் கொடுத்தால் பிள்ளையே வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்கப்போகிறவர்களும் வீட்டில் தமிழிலேயே தொடங்குங்கள் என்பேன். எழுத்தும் ஒலியும் ஆங்கிலத்தைவிடத் தமிழில் ஒழுங்காகப் பொருந்துகின்றன. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் வித்தை ஒரு மொழியில் பிடிபட்டால் அடுத்த மொழிக்கும் உதவும். ஒன்றாம் வகுப்பு முடிந்த பிறகும் இரண்டெழுத்துச் சொற்களைக் கூட்ட முடியாமல் பிள்ளை தவித்தால், அடிப்பதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதோ வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, வீட்டில் எந்தெந்த எழுத்துகள் தெரிகின்றன, எவை தடுமாறுகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள்.