சேலத்து வீட்டில் கடல் மீன் தொட்டி: மீனுக்கு முன் தண்ணீர்

கடல் மீன் வளர்க்க விரும்புவோர் கடையில் முதலில் மீனைத்தான் விசாரிக்கிறார்கள். சேலம் போன்ற உள்நாட்டு ஊரில் முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீரை. இரண்டரை அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட, ஏறத்தாழ 150 லிட்டர் பிடிக்கும் தொட்டி தொடக்கத்திற்குப் போதும். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்களுக்குத் தொட்டி, மோட்டார், ஃபில்டர் பொருத்தும் முறை தெரிந்ததே என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

நம் போர்வெல் தண்ணீர் கடினமானது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலோ குளோரின் உண்டு. ஆகவே ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். ஆனால் வீட்டுச் சமையலறையில் உள்ள ஆர்.ஓ. இயந்திரம் பலவற்றில், குடிக்கும் சுவைக்காகக் சுத்திகரிக்காத தண்ணீரையே கொஞ்சம் திரும்பக் கலக்கும் ஒரு சிறு திருகு இருக்கிறது. கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை அந்தத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 50, 80 என்று காட்டினால் அது நமக்கு ஆகாது. திருகை முழுவதும் மூடி, கடைசியில், எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயைச் சேர்த்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே உப்பைக் கையில் எடுங்கள். இந்த ஒரு படியைச் செய்யாமல் விடுபவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உப்பு என்றால் கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்பு. தூத்துக்குடிக் கல்லுப்பும் கடலிலிருந்து வந்ததுதானே என்று சிலர் கேட்கிறார்கள். உப்பளப் பாத்தியில் உப்பு படிவதற்கு முன்பே கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. மக்னீசியம் வடிகழிவு நீரோடு போய்விடுகிறது. எஞ்சுவது சோடியம் குளோரைடே. கலவை உப்பை லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை கரைத்து, ஒரு நாள் மோட்டார் ஓடவிட்டு, அடர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள். முள் ஆடும் மலிவான ஹைட்ரோமீட்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு கூடிக் காட்டும். ஒரு சொட்டு நீரில் ஒளி வளைவதைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள்.

பாறையையும் மணலையும் இட்டு, சிட்டிகை மீன் உணவைப் போட்டு, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, அவற்றை மாற்றும் பாக்டீரியா வளர்ந்து, மீண்டும் பூஜ்யத்திற்கு இறங்கும் வரை, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம், மீன் விடாமல் பொறுத்திருக்க வேண்டும். இராமேசுவரம் போகும்போது பவளக்கல் எடுத்துவரலாமே என்று எண்ண வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கடையில் விற்கும் உலர்ந்த செயற்கைப் பாறையே போதும்.

சித்திரை வெயிலில் தண்ணீர் 26 டிகிரியில் நிற்காது. நீர்மட்டத்தின் மேல் விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அதற்கேற்ப ஆவியாதலும் கூடும். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. ஆகவே கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு கிழித்து, மட்டம் குறையக் குறைய உப்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றி வாருங்கள். விசிறி வைத்தும் 28 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், விலை உயர்ந்த விளக்கு வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குங்கள்.

மீன்களில் கூச்ச சுபாவமுள்ளதை முதலில் விடுங்கள். ஃபயர்ஃபிஷ், பங்காய் கார்டினல், கடைசியாக அளவில் சற்று வேறுபட்ட இரண்டு கோமாளி மீன்கள் என்பது என் வரிசை. கோமாளிகளில் பெரியது பின்னர் பெண்ணாக மாறிவிடும் என்பதால் சண்டை குறையும். பண்ணையில் பிறந்த குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். டாம்சல் மலிவு என்று வாங்கினால் மற்ற மீன்களை விரட்டிக்கொண்டே இருக்கும்.

பின்சேர்க்கை: ஏற்காட்டிலிருந்து சிலர் கேட்டிருக்கிறார்கள். அங்கே சில்லர் கருவியை விட ஹீட்டரே முக்கியம். மார்கழி இரவுகளில் 25 டிகிரிக்கு வைத்துவிடுங்கள். ஃபயர்ஃபிஷ் மிரண்டால் தொட்டியை விட்டு வெளியே குதித்துவிடும் என்பதால், எந்த ஊரானாலும் மேலே வலை மூடி போட வேண்டும். கண்ணாடி மூடி போட்டால் சூடு வெளியேறாது, விசிறியும் பயன்படாது.