ஷாஷியில் மூன்று இரவு: தனியாகப் போகிறவர்களுக்கு

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், தாலி, லிஜியாங் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது ஷாஷி. பாய் இன மக்களின் ஊர். திபெத்துக்குத் தேயிலை போன குதிரைப் பாதையில் ஒரு சந்தை. வெள்ளிக்கிழமைதோறும் இப்போதும் சந்தை கூடுகிறது. அதனால் புதன் மதியம் போய்ச் சேர்ந்து சனி காலை கிளம்புங்கள். சந்தையும் கிடைக்கும், வார இறுதிக் கூட்டமும் தப்பும். அக்டோபர் முதல் வாரம் வேண்டவே வேண்டாம், ஊர் தாங்காது.

சீன விசா கையில் வந்ததும், அங்கே பணம் செலுத்தும் செயலியான அலிபேயை நம்மூரிலேயே நிறுவி, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவைக்காததால்தான் பலருக்கு முதல் கடையிலேயே பணம் போகாது. ஓடிபி வர நம்மூர் சிம் ரோமிங்கில் இருக்கட்டும். ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப்பும் கூகுளும் பொதுவாக வேலை செய்யும். விடுதி வைஃபையில் செய்யாது. ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் செலுத்தினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். சந்தைக்குப் பத்து, இருபது யுவான் தாள்கள் கொஞ்சம் வைத்திருங்கள். உள்நாட்டு விமானத்தில் ஏறுவதாக இருந்தால் பவர்பேங்கில் 3சி (சீனப் பாதுகாப்புச் சான்று) முத்திரை இருக்க வேண்டும். இல்லாததை 2025 ஜூன் 28 முதல் அனுமதிப்பதில்லை.

குன்மிங்கிலிருந்து தாலிக்கு அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து ஜியான்ச்சுவானுக்குப் பேருந்து, பிறகு ஷாஷிக்கு வேன். ஆள் நிரம்பினால்தான் வேன் எடுப்பார்கள். இருட்டிய பிறகு போனால் முழு வண்டிக்கும் நீங்களே கொடுக்க நேரும். வரைபடத்தில் 'ஷாஷி' என்று மட்டும் தேடாதீர்கள், சீனாவில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. ஜியான்ச்சுவானையும் சேர்த்துத் தேடுங்கள். விடுதியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போலீஸ் பதிவை அவர்களே முடிப்பார்கள். யாராவது ஒருவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே போலீஸில் பதிய வேண்டும்.

நாடு முழுக்கப் பெய்ஜிங் நேரம்தான். மேற்கே இருக்கும் ஷாஷியில் குளிர்காலத்தில் விடியவே எட்டு மணி ஆகிவிடும், கடைகளும் மெதுவாகத்தான் திறக்கும். வெளிச்சம் வந்த முதல் ஒரு மணி நேரம் சிதெங் சதுக்கம் உங்களுக்கே. ஒரு பக்கம் பழைய நாடக மேடை, எதிரே 1415இல் கட்டிய ஷிங்ஜியாவ் கோயில். கிழக்கு வாசல் வழியாக வெளியேறினால் ஹெய்ஹுய் ஆறும் யூஜின் கல் வளைவுப் பாலமும். பாலத்தைத் தாண்டிக் கரையோரமாக வயல்களுக்குள் நடங்கள்.

சைவக்காரர்களுக்குச் சிக்கல் கறியில் இல்லை, எண்ணெயில்: கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். 'இறைச்சி, பன்றிக் கொழுப்பு, இறைச்சிச் சாறு வேண்டாம்' என்று சீனத்தில் மொழிபெயர்த்து, ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்துக் காட்டுங்கள். ரூபிங் என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி நம்ம பனீர் மாதிரி, வறுத்துத் தருவார்கள். மழைக்காலக் காட்டுக் காளான் அரைவேக்காடாக இருந்தால் தொடாதீர்கள். சில வகைகள் இல்லாததையெல்லாம் கண்ணுக்குக் காட்டும்.

வியாழக்கிழமையை ஷிபாவ் மலைக்கு ஒதுக்குங்கள். ஷிஜோங் குடைவரைகளில் நான்ஜாவ், தாலி அரசுகளின் காலத்துச் சிற்பங்கள்; புத்தர்களுக்கு நடுவே பெண்குறி வடிவில் ஒரு கல், பிள்ளை வரம் கேட்பவர்கள் அதற்கு எண்ணெய் பூசி வணங்குவார்கள். படம் எடுக்க விடமாட்டார்கள். மேலே வண்டியில் போய், நடந்து இறங்குவதே முழங்காலுக்கும் மூச்சுக்கும் நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதை வழுக்கும், அப்போது இறங்குவதற்கும் வண்டியே பிடியுங்கள்.