ஓட்டுக் கேட்கப் போகும் முன்: செட்டிநாட்டுக் கிராமத்தில் ஒரு பாகத்தைப் பொறுப்பெடுப்பது எப்படி?

வேனும் மைக் செட்டும் கடைசி இரண்டு வாரத்துச் சமாச்சாரம். அதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது பாகம் பாகமாகத்தான் நடக்கும். ஒரு பாகம் என்றால் ஒரு வாக்குச்சாவடி. ஆயிரம் ஓட்டுக்கு முன்பின் இருக்கும். முதன்முறையாக ஒரு பாகத்தைக் கையில் எடுப்பவருக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கட்சியானாலும், சுயேச்சையானாலும் முறை ஒன்றுதான்.

1. பட்டியல்

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வாக்காளர் பட்டியல் பாகவாரியாக பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். சட்டமன்றத் தொகுதி எண்கள்: திருமயம் 181, காரைக்குடி 184, திருப்பத்தூர் 185, சிவகங்கை 186. பெயரைப் பார்த்துத் தேடாதீர்கள், எண்ணைப் பார்த்துத் தேடுங்கள். திருப்பத்தூர் என்ற பெயரில் வடக்கே இன்னொரு தொகுதி உண்டு. அதன் எண் 50. அவசரத்தில் அதை இறக்கிவிட்டுத் தெருப் பெயர் ஒன்றுகூட ஒத்துவரவில்லையே என்று விழிப்பவர்கள் உண்டு.

வார்டு எண் வேறு, பாகம் எண் வேறு. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபிறகு இந்தக் குழப்பம் கூடிவிட்டது. வார்டு என்பது உள்ளாட்சித் தேர்தலுக்கு. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பாகம்தான் கணக்கு. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முந்தைய பட்டியல் கையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு 30 பெயர். ஆயிரம் ஓட்டென்றால் 34 பக்கம், அதற்குமேல் முகப்புப் பக்கங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடியுங்கள். பின்பக்கம் குறிப்புக்கு வேண்டும்.

2. பட்டியலைத் தெருவுக்குத் திருப்புவது

முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டியல் வரிசை வேறு, நீங்கள் நடக்கும் வரிசை வேறு. புதிதாகச் சேர்ந்த பெயர்கள் அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் வராது, கடைசியில் பின்னிணைப்பாக வரும். மாமியார் வரிசை எண் 214, மருமகள் 987. மாமியாரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் மருமகளுக்கு, 'என்னை ஒரு ஆளாவே மதிக்கலையே' என்று மனத்தாங்கல் வரும். ஆகவே பின்னிணைப்பை முதலில் படியுங்கள். நீக்கப்பட்ட பெயர்களில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும்: இ என்றால் இறந்தவர், எஸ் என்றால் இடம் மாறியவர், ஆர் என்றால் இரட்டைப் பதிவு.

இனி நம்ம பக்கத்துக்கே உரிய சிக்கல். நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். முன்பக்கம் பூட்டியிருக்கும், பின்கட்டில் காவலுக்கு இருக்கும் குடும்பம் அடுத்த தெருப் பெயரில் பதிவாகியிருக்கும். அந்தத் தெரு சில இடங்களில் அதே பாகத்துக்குள் வேறு பிரிவு, சில இடங்களில் வேறு பாகமே. 'பூட்டின வீடு' என்று தள்ளிவிட்டுப் போனால் நாலு ஓட்டு கைவிட்டுப் போகும். இன்னொரு வகை பங்கு வீடு: ஒரே கதவிலக்கத்தில் பங்காளிகள் இருபது பேர் பெயர் இருக்கும், ஊரில் இருப்பது ஒரு ஆச்சி மட்டும். மற்றவர்கள் சென்னையிலா சிங்கப்பூரிலா, ஓட்டை அங்கேயே மாற்றிக்கொண்டார்களா என்று அந்த ஆச்சிக்கோ காவல்காரருக்கோதான் தெரியும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் மாதிரி ஊர்களில் வீடு வீடாகப் போவதற்கு முன் ஒரு நாள் சும்மா நடந்து, எந்த வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் உள்ளூர் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். பழைய கதவிலக்கமா புதிய இலக்கமா என்ற குழப்பத்தை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடுவார்.

பிறகு 200 பக்க நீள நோட்டில் தெரு வரிசைப்படி மறுபடி எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு அரைப்பக்கம். செல்போன் ஆப் வேண்டாம் என்பது என் கருத்து. கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் குக்கிராமங்களில் சிக்னல் படுத்தும். வெயிலில் திரையும் தெரியாது. ஆளைப் பார்க்காமல் போனைப் பார்த்துப் பேசுகிறவருக்கு யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் எண்ணால் குறி போடுங்கள்: 1 நம்ம ஓட்டு, 2 பிடிகொடுக்காதவர், 3 எதிர், 4 வெளியூர். 'நம்ம ஆளு', 'அவன் ஆளு' என்று வார்த்தையில் எழுதினால் என்றைக்காவது அந்த வீட்டுக்காரரே நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். சாதியை எழுதவே எழுதாதீர்கள். போன் நம்பர் கேட்டுக் கொடுத்தால் மட்டும் எழுதுங்கள்.

3. நடை

மூன்று பேர் போதும்: உள்ளூர்க்காரர் ஒருவர், பெண் ஒருவர், நோட்டுப் பிடிக்க ஒருவர். பத்துப் பேராகப் போனால் அது ஊர்வலம். வீட்டுக்காரர் திண்ணையோடு பேச்சை முடித்துக்கொள்வார். வீட்டுக்கு நாலு நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்தில் 40 வீடு. 300 வீட்டுப் பாகத்துக்குக் காலை மாலையாக நாலு நாள். பங்குனி, சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் நடப்பது வீண்; காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் பிடிக்க முடியாது, சாயங்காலம்தான். குன்றக்குடி பங்குனி உத்திரம், காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா நாட்களில் ஊரில் ஆள் இருக்காது. கோயில் வளாகத்துக்குள் போய் ஓட்டுக் கேட்பது நடத்தை விதிப்படி தவறு.

ஊர்த் தலைவரான அம்பலத்தைப் பார்த்து வணக்கம் சொல்வது மரியாதை. ஆனால் அதோடு ஊரை முடித்துக்கொண்டு காலனிப் பக்கம் கடைசி நாள் எட்டிப் பார்ப்பது பெரிய பிசகு. இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். நகரத்தார் வீட்டில் 'ஆச்சி', கிராமத்தில் 'அப்பத்தா', 'ஐயா'. 'மேடம்' சொன்னீர்களானால் சென்னையிலிருந்து வந்த ஆளாகிவிடுவீர்கள்.

முதலில் அவர்களைப் பேச விடுங்கள். வரத்துக் கால்வாய் தூர்ந்தது, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம், நின்றுபோன டவுன் பஸ் என்று வரும். ஊர்ப் பெயரோடு எழுதி வேட்பாளரிடம் கொடுங்கள். அவர் அந்த ஊருக்கு வரும்போது அதைத்தான் பேச வேண்டும். பட்டா வாங்கித் தருகிறேன், முதியோர் பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்று நீங்களாக வாய் கொடுக்காதீர்கள்.

ஆரத்தித் தட்டில் பணம் போடக் கூடாது. பறக்கும் படை வீடியோ எடுத்தால் வழக்கு வேட்பாளர் மேல் வரும். நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ. நோட்டீஸ் எண்ணிக்கை ஓட்டுக் கணக்கில் வேண்டாம், வீட்டுக் கணக்கில் அடியுங்கள்: 300 வீட்டுக்கு 350.

4. முதியவர்கள், வெளியூர்க்காரர்கள்

85 வயதுக்கு மேற்பட்டவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட 12டி படிவம் கொடுக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்ல ஆள் இருக்காது. ஒன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்: 12டி ஏற்கப்பட்டால் பிறகு பூத்துக்குப் போய்ப் போட முடியாது.

பாகத்தில் 4 போட்ட பெயர்கள்தான் கடைசி மூன்று வார வேலை. திருப்பூர், சென்னையில் இருப்பவர்களுக்குத் தேதியைச் சொல்லுங்கள். பல்லவன் ரயில் டிக்கெட்டை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் லஞ்சக் கணக்கு. ஓட்டு நாளில் ஆட்டோ வைத்து வாக்காளரை ஏற்றிவருவதும் முறைகேடுதான்.

5. ஓட்டு நாள்

பூத் ஏஜென்டுக்குப் படிவம் 10; வேட்பாளரோ தலைமை முகவரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒருவர், மாற்றுக்கு இரண்டு பேர். வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, கூட்டிப் பார்த்து, எந்திரத்தில் அழித்து, ஓட்டுக்கான தாள் சீட்டு விழும் விவிபாட் பெட்டி காலியானதையும் கண்ணால் பார்க்க வேண்டும். செல்போன் கூடாது, பேனா இரண்டு, மதியச் சாப்பாடு கையோடு.

முடிந்ததும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். பதிவான மொத்த ஓட்டும் எந்திரங்களின் எண்களும் அதில் இருக்கும். வாக்கு எண்ணும் மேசையில் உட்காரும் முகவருக்கு அதுதான் பிடிமானம்; அன்றிரவே அவர் கைக்குப் போய்விட வேண்டும்.

பின்சேர்க்கை: ஏஜென்ட் அதே பாகத்து வாக்காளராகத்தான் இருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பாகத்தவர் என்றால் நல்லது, ஆள் முகம் தெரியும். கிடைக்காவிட்டால் பக்கத்துப் பாகம், அதுவும் இல்லையென்றால் அதே சட்டமன்றத் தொகுதி வாக்காளர் யாராக இருந்தாலும் சரி. எல்லையோர ஊர்க்காரர்கள் இதில் கவனம்: காரைக்குடிக்கு எவ்வளவு பக்கமாக இருந்தாலும் திருமயம் தொகுதிக்காரர் காரைக்குடி பூத்தில் உட்கார முடியாது.