புது டீச்சர்களுக்கு: நாப்கினைப் பீரோவில் பூட்டாதீர்கள்

அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால், பாடக்குறிப்பு எழுத உட்காரும் முன் அவர்களின் கழிப்பறையை ஒரு நடை போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, குப்பைத்தொட்டிக்கு மூடி இருக்கிறதா? தாழ்ப்பாள் இல்லையென்றால் பிள்ளைகள் நாப்கின் மாற்றப் போகமாட்டார்கள், போகவேண்டி வருமே என்று காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். தாழ்ப்பாளுக்கெல்லாம் நிதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வாங்கி மாட்டிவிடுங்கள். தண்ணீர்தான் பிரச்சினை என்றால் எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் அம்மாக்கள் இருக்கும்போது பேசி, தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

அப்புறம் நாப்கின். அரசு இலவசமாக நாப்கின் தரும் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. அதாவது மாதத்துக்கு ஒன்பது. நாலு மணி நேரத்துக்கு, மிஞ்சிப்போனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு ஒன்பதை வைத்து ஐந்து நாளை எப்படி ஓட்டச் சொல்வது? அதனால் பள்ளியில் தனியாகக் கொஞ்சம் இருக்கட்டும். அது ஹெச்.எம். அறைப் பீரோவில் பூட்டி, சாவி ஒரு சாரிடம் இருந்தால் இல்லாததற்குச் சமம். பிள்ளை யாரிடமும் வாய் திறந்து கேட்காமல் எடுக்கிற மாதிரி, கழிப்பறைக்குப் பக்கத்திலேயே ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். யார் எடுத்தார்கள் என்று நோட்டுப் போட வேண்டாம். அக்காவுக்கும் ஒன்று எடுத்துப் போகிறாளா, போகட்டும். கூடவே கருநிறப் பேன்ட் ஒன்றும் நாலைந்து ஊக்கும் இருந்தால் நல்லது.

வருகைப் பதிவேட்டையும் பாருங்கள். ஒரே பிள்ளை மாதாமாதம் இரண்டு மூன்று நாள் வரவில்லையென்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், வகுப்பில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். வயதுக்கு வந்து முதல் இரண்டு வருடம் தேதி தள்ளித் தள்ளி வருவது சகஜம், பயமுறுத்தாதீர்கள். ஆனால் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, வலியில் எழவே முடியவில்லை என்றாலோ, 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலோ அம்மாவிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். நீங்களாக மாத்திரை கொடுக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பல பள்ளிகளில் ஜன்னல் வழியாக வெளியே போகிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதுதான் காரணம். சத்துணவு சாப்பிட்டதும், உங்கள் கண் முன்னாலேயே போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், ஒன்றும் ஆகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடனே டீ குடிக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள், மறக்க வேண்டாம். பிப்ரவரி, ஆகஸ்ட் வாக்கில் வரும் குடற்புழு மாத்திரையும் இதற்கு உதவுவதுதான்.

வளரிளம் பருவப் பாடத்தை 'வீட்டில் படிச்சுக்கோங்க' என்று தாண்டாதீர்கள், பையன்களையும் உட்காரவைத்தே நடத்துங்கள். முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள், சரி, சிரிக்கட்டும்.

நீங்களும் காலை பஸ் ஏறியதிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரை மேஜை மேலேயே வைத்துக் குடியுங்கள். சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்காமல், டாக்டரைப் பார்த்து யூரின் டெஸ்ட் எடுங்கள்.