தவறான கைதுக்கு இழப்பீடு கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கில் விடுதலையானாலே தம்மைக் கைது செய்ததும் சட்டவிரோதம் என்று ஆகிவிடும் எனப் பலர் நம்புகிறார்கள். நம் நாட்டு நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. கைது செய்த நாளில் போலீசாரிடம் நியாயமான சந்தேகத்துக்கு அடிப்படை இருந்ததா, சட்டம் சொல்லும் முறைப்படி அவர்கள் நடந்தார்களா என்பதுதான் கேள்வி. சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலையானவருக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். குற்றம் செய்தவரையே ஆனாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தாமல் அடைத்து வைத்திருந்தால் அது உரிமை மீறல்தான்.

ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது நம் பக்கம் சாதாரணம். வாரண்டில் உள்ள தகப்பனார் பெயரும் முகவரியும் தமக்குப் பொருந்தவில்லை என்று ஒருவர் ஆதார் அட்டையை நீட்டிக் காட்டிய பிறகும், சரிபார்க்காமல் அழைத்துச் சென்று அடைத்தால் அவருடைய கோரிக்கை வலுப்பெறும். விவரங்கள் ஒத்துப்போயிருந்து, உண்மை தெரிந்தவுடன் விட்டுவிட்டால் அந்த வலு குறையும். அந்த நேரத்தில் தள்ளுமுள்ளில் இறங்கினால் பணியைத் தடுத்ததாகத் தனி வழக்கு வரும். முதல் கைது தவறு என்ற வாதமும் அதில் அமுங்கிப்போகும்.

கைதான நேரத்தைப் போலீசார் பதிவு செய்யும் தாளான கைதுக் குறிப்பாணையைப் படிக்காமல் கையெழுத்திடுவது மிகப் பெரிய தவறு. காலை 6 மணிக்கு வீட்டிலிருந்து அழைத்துச் சென்றுவிட்டு, கைதான நேரம் மாலை 5 மணி என்று எழுதினால், அந்த ஒரு வரியால் 11 மணி நேரம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். உண்மையான நேரத்தை எழுதும்படி கேட்க வேண்டும். மறுத்தால் நடுவர் முன் நிறுத்தும்போது அதை வாய்திறந்து சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அங்கே பயந்து மௌனமாக இருந்துவிட்டுப் பிறகு சொல்வதை நம்பவைப்பது கடினம். காவல் நிலையக் கேமரா பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அவற்றை அழிக்காமல் பாதுகாக்கும்படி உடனே எழுத்து மூலம் கோருவது நல்லது.

வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் காலவரம்பைக் கோட்டைவிடுகிறார்கள். சட்டவிரோதக் காவலுக்கான உரிமையியல் வழக்குக்குக் கெடு, அந்தக் காவல் முடிந்த நாளிலிருந்து ஓராண்டுதான். மனித உரிமை ஆணையமும் ஓராண்டு கடந்த சம்பவத்தை விசாரிக்காது.

ஆதாரமின்றி ஒருவரைக் கைது செய்யவைத்தவரிடமிருந்து நடுவர் பெற்றுத் தரக்கூடிய தொகை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 1,000 ரூபாய்தான். அவ்வளவுதான் கிடைக்கும் என்று எண்ணிச் சோர்ந்துவிட வேண்டாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் இழப்பீடு கேட்கலாம். 1994-ல் கைதான விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் வழங்க 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.