மியூனிக்கில் முதல் சனி, ஞாயிறு: தபால் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

அக்டோபர் நெருங்கினால் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமை மாலை மியூனிக் வந்து இறங்குகிறேன் அண்ணா, அலுவலகங்கள் திறக்கும் வரை என்ன செய்வது?" செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதியைச் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் முடித்தாக வேண்டும். விசா, காப்பீடு, விமான நிலையத்தில் எஸ்-பான் ரயில் பிடிப்பது போன்றவற்றைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பீர்கள் என்பதால் நேராக வீட்டு வாசலுக்கு வருகிறேன்.

படி 1: தபால் பெட்டியில் பெயர்

பயணப் பெட்டியைத் திறந்து துணிமணிகளை எடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. முகவரியில் தெருவும் கட்டட எண்ணும் மட்டும்தான் இருக்கும். தபால்காரர் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். பெயர் இல்லையென்றால், அந்த முகவரியில் இப்படி ஒருவரைக் கண்டறிய முடியவில்லை என்று சீட்டு ஒட்டி, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். வங்கி அட்டை, அதற்கான ரகசிய எண், காப்பீட்டு அட்டை, 11 இலக்க வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். அட்டையும் ரகசிய எண்ணும் வெவ்வேறு உறைகளில் வரும். அட்டை வந்து எண் திரும்பிப் போனால் என்ன கதி என்பதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம்மில் பலருக்கு அப்பாவின் பெயர் இருக்கும். உங்கள் பெயர் கவிதா, அந்தக் கட்டத்தில் சுப்பிரமணியன் என்று இருந்தால், ஜெர்மானியர்களுக்கு நீங்கள் திருமதி சுப்பிரமணியன். பெட்டியில் 'கவிதா எஸ்.' என்று எழுதி ஒட்டினால் தபால்காரர் அதைக் கண்டுகொள்ள மாட்டார், ஏனென்றால் அவர் தேடுவது சுப்பிரமணியனை. ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் முழுப் பெயரையும் எழுதுங்கள். குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருப்பவர்கள் வங்கியும் பல்கலைக்கழகமும் தங்கள் பெயரை எப்படி அச்சிடுகின்றன என்று பார்த்து, அந்த வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். இடம் போதாது என்று கவலை வேண்டாம், சிறிய எழுத்தில் எழுதினால் போதும்.

உலோகப் பெயர்ப்பலகையை ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், மாற்றித் தருவார். ஆனால் அவர் சனிக்கிழமை அகப்பட மாட்டார். அதுவரை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதி, மேலே அகலமான ஒட்டும் டேப்பை முழுவதுமாகப் போர்த்தி ஒட்டுங்கள். தாளின் நான்கு மூலைகளில் மட்டும் ஒட்டினால் மழைச்சாரலில் ஊறிப்போகும். அழைப்பு மணிப் பலகையிலும் அதே பெயர் இருக்கட்டும். பார்சல் கொண்டுவருபவர் பார்ப்பது அதைத்தான்.

பின்சேர்ப்பு: உள்வாடகைக்கு இருப்பவர்கள் சிலர், பெட்டியில் பெயர் ஒட்ட முதன்மை வாடகைதாரர் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் முகவரி கொடுக்கும் இடத்திலெல்லாம் உங்கள் பெயருக்கு அடுத்த வரியில் 'சி/ஓ' (c/o, இன்னார் வழியாக என்று பொருள்) போட்டு அவருடைய பெயரை எழுதுங்கள். ஆனால் வீட்டில் குடியேறியதை உறுதிப்படுத்தும் படிவத்தில் கையொப்பம் தரவும் அவர் மறுத்தால் அந்த அறையே வேண்டாம் என்பேன். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு அந்தப் படிவம் கட்டாயம், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் செல்லாது.

படி 2: சனிக்கிழமைச் சந்தை

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கடைகள் இரவு 8 மணிக்கு மூடுகின்றன, ஞாயிறு முழுவதும் திறப்பதில்லை. ஞாயிறு ஓய்வு இந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அன்றைய ஜெர்மன் குடியரசின் 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பிலிருந்து அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஞாயிறன்று பால் தீர்ந்தால் மத்திய ரயில் நிலையத்துக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும்தான் கதி. விலை கண்ணைக் கட்டும்.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மாலை 6 மணிக்கு மேல் ஊரே கடைகளில்தான் நிற்கும். அரிசி, துவரம்பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு மத்திய ரயில் நிலையத்தின் தெற்கே கோத்தே தெரு, லாண்ட்வேர் தெருப் பக்கம் போங்கள்; ஆசிய, துருக்கிக் கடைகள் அடுத்தடுத்து இருக்கும். மற்றதெல்லாம் ஆல்டி, லிடில் போன்ற மலிவுக் கடைகளில் வாங்கலாம். தள்ளுவண்டி எடுக்க ஒரு யூரோ நாணயம் வேண்டும், பையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். கல்லாவில் உங்கள் பொருள்களுக்குப் பின்னால் தடுப்புக் கட்டையை வையுங்கள். வைக்காவிட்டால் அடுத்தவர் முறைப்பார். கல்லாவில் இருப்பவர் பொருள்களைத் தள்ளும் வேகத்துக்குப் பைக்குள் அடுக்க முடியாது. எல்லாவற்றையும் வண்டியிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் அடுக்குங்கள்.

பொருள் பெயர்களைப் படிக்க கூகுளின் கேமரா மொழிபெயர்ப்பு போதும். அலுவலகக் கடிதங்களுக்கு நான் டீப்எல் (DeepL) என்ற மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

குடிநீர் பாட்டில் வாங்கி முதுகை ஒடித்துக்கொள்ளாதீர்கள். மியூனிக்கின் குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் அடிவாரத்து மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது, அருமையான தண்ணீர். சுண்ணாம்பு அதிகம் என்பதால் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் போய்விடும்.

படி 3: காலி பாட்டில்

அறையில் முன்பிருந்தவர் விட்டுப்போன பாட்டில்களைக் குப்பையில் போடாதீர்கள், அது காசு: வாங்கும்போது பாட்டிலுக்கும் சேர்த்துக் கட்டிய முன்பணம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டு, கடைசியில் பொத்தானை அழுத்திச் சீட்டை எடுங்கள். அதை அதே கடையின் கல்லாவில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். ஒயின் பாட்டிலையும் ஜாம் புட்டியையும் இயந்திரம் துப்பிவிடும். அவை தெருமுனைக் கண்ணாடித் தொட்டிக்கு, நிறம் பிரித்து. நீலக் கண்ணாடி பச்சையில் சேரும். ஞாயிறன்று அங்கே போடக் கூடாது, சத்தம் கேட்கும்.

படி 4: ஞாயிறு

சத்தம் என்றால் உண்மையிலேயே சத்தம்தான். ஞாயிறு காலை தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி ஓட்டினால் கதவு தட்டப்படும். சனி இரவே அரைத்து வைத்துவிடுங்கள். மாவு இந்தக் குளிருக்குப் புளிக்காது என்று எல்லோரும் அழுகிறார்கள். ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து விளக்கை மட்டும் எரியவிடுங்கள், காலையில் பொங்கியிருக்கும். சலவை இயந்திரத்துக்கு ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு விதி. சலவை அறைக் கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள்.

பிற்பகலில் வெளியே போங்கள். ஆல்டே பினாகோதெக் உட்படச் சில அருங்காட்சியகங்களில் ஞாயிறு நுழைவுக் கட்டணம் ஒரே ஒரு யூரோ. 1500-இல் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் தீட்டிய தன்னுருவப் படம் அங்கேதான் இருக்கிறது, அதற்காகவே போகலாம். முதுகுப்பையைப் பெட்டகத்தில் வைக்கச் சொல்வார்கள். மழை இல்லையென்றால் ஈசார் ஆற்றங்கரையில் நடங்கள், அதற்குக் காசே வேண்டாம்.

மற்றொரு பின்சேர்ப்பு: விடுமுறையில் மாட்டிக்கொண்ட ஒருவர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். அக்டோபர் 3, நவம்பர் 1 இரண்டும் பவேரியாவில் பொது விடுமுறை, கடைகள் ஞாயிறு போலவே மூடிக்கிடக்கும். 2026-இல் அக்டோபர் 3 சனிக்கிழமை வருகிறது. அந்த வாரம் வந்து இறங்குபவர்கள் மேலே 'சனி இரவு 8' என்று இருப்பதை 'வெள்ளி இரவு 8' என்று படித்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை விமானம் என்றால் திங்கள் காலை வரைக்கும் அவலும் தொக்கும் கையோடு எடுத்து வாருங்கள்.